ஹார்மோன் ரிப்போர்ட் நார்மல், ஆனால் மாதத்தில் பத்து நாள் நான் நானாக இல்லை: இது ஹார்மோனா, டென்ஷனா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று. உங்களுக்கு வயது 34, திருமங்கலம் பக்கம், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை, இரண்டு பிள்ளைகள். போன தீபாவளிக்கு அப்புறம் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார், அவரைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலிருந்து எதற்கெடுத்தாலும் கோபம், காரணமே இல்லாத அழுகை, தூக்கம் கெட்டுப்போவது, எல்லாரையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்கிற நினைப்பு. விலக்கான முதல் நாளோ இரண்டாம் நாளோ தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்த மாதிரி தெளிந்துவிடுகிறது. பல வருடமாக லேசாக இருந்தது இந்த வருடம்தான் தாங்க முடியாமல் போயிருக்கிறது. ஹார்மோன் டெஸ்ட் எடுத்தீர்கள், எல்லாம் நார்மல். வீட்டுக்காரர் "அப்ப எல்லாம் உன் மனசுலதான்" என்கிறார். அக்கா ஒரு வீடியோவை அனுப்பி, டென்ஷன் ஹார்மோன் உன் புரோஜெஸ்டிரோனைத் திருடிவிடுகிறது என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உள்ளுக்குள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது: ரத்தத்தில் ஒன்றுமே இல்லையென்றால் நான் நடிக்கிறேனா?

நடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். நான் மனநல மருத்துவர், மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகப்பேறு மருத்துவர் இல்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை, அதனால் உங்களுக்கு இன்ன நோய் என்று இங்கே எழுத மாட்டேன். அப்புறம் ஒரு சொல் தகராறு. தமிழில் 'மன அழுத்தம்' என்று சொன்னால் சிலர் வேலைப்பளு, கடன், சண்டை இதையெல்லாம் நினைத்துக்கொள்கிறார்கள், சிலர் மருந்து தேவைப்படும் நோயை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விஷயத்தைப் பேசிச் சண்டை போடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே நெருக்கடிக்கு டென்ஷன் என்றும், நோய்க்கு மனச்சோர்வு என்றும் எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். சினைப்பை இரண்டு முக்கியமான ஹார்மோன்களைச் சுரக்கிறது. விலக்கு முடிந்ததிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போகும், நடுவில் முட்டை வெளிவரும், அதற்கு அப்புறம் புரோஜெஸ்டிரோன் ஏறும். முட்டை வெளிவருவதற்கு முன்னால் புரோஜெஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு நானோகிராம்கூட இருக்காது, ஒரு வாரத்தில் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். கரு தங்கவில்லை என்றால் கடைசி சில நாட்களில் இரண்டுமே சரசரவென்று இறங்கும், அந்த இறக்கத்தில்தான் விலக்கு வருகிறது. ஆக மாதத்தில் ஒருநாள் காலை ஊசி குத்தி எடுத்த ஒரு குழாய் ரத்தம், ஏறி இறங்கும் ஒரு பாதையில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. சரி, முப்பது நாளும் முப்பது போட்டோ எடுத்தால்? அப்போதும் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஏனென்றால் இந்தப் பிரச்சினை உள்ள பெண்களின் ஹார்மோன் அளவும் இல்லாதவர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியான விஷயம், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் ஹார்மோனுக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதைக் காட்டிய பரிசோதனை ஒன்றை நான் இளம் மருத்துவர்களுக்குச் சொல்லாத வருடம் கிடையாது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோவ் என்ற இருவரின் குழு 1998-ல் வெளியிட்டது. விலக்குக்கு முன் மனநிலை மோசமாகும் பெண்கள் ஒரு பக்கம், அப்படி எதுவும் இல்லாத பெண்கள் இன்னொரு பக்கம். ஊசி மருந்து கொடுத்து சினைப்பையையே தற்காலிகமாகத் தூங்க வைத்தார்கள். பிரச்சினை உள்ளவர்களில் பலருக்குத் தொந்தரவு நின்றது. அப்படி நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ சாதாரண அளவில் திருப்பிக் கொடுத்தபோது அழுகையும் எரிச்சலும் திரும்ப வந்தன. அதே ஹார்மோனை அதே அளவில் மற்றப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆக, ஹார்மோன் இல்லாமல் பிரச்சினை இல்லை, ஆனால் பிரச்சினை ஹார்மோனின் அளவில் இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் மூளையில் இருக்கிறது. அதே குழு 2017-ல் இன்னும் ஒரு படி போனது: ஹார்மோனை ஏற்ற இறக்கம் இல்லாமல் மூன்று மாதம் ஒரே அளவில் கொடுத்துக்கொண்டே இருந்தால், முதல் மாதம் தொந்தரவு வருகிறது, அப்புறம் மறைந்துவிடுகிறது. மூளையைப் படுத்துவது மாற்றம்தான். உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள். "மனசுலதான்" என்று அவர் சொல்வது ஒரு வகையில் சரி, மனசு இருக்கும் உறுப்பில்தான் இது நடக்கிறது. அது கற்பனை என்று ஆகிவிடாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமை வேண்டும். புரோஜெஸ்டிரோன் ரத்தத்தில் போகும்போதே உடலிலும் மூளையிலும் அதன் ஒரு பகுதி அல்லோபிரெக்னனலோன் என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. பெயர் வாயில் நுழையாது, நான் படிக்கும்போது எனக்கும் நுழையவில்லை. இது மூளையில் காபா என்னும் அமைதிப்படுத்தும் ரசாயனம் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களில், அதாவது ஏற்பிகளில், போய் உட்காருகிறது. கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். காபா மடையைத் திறந்தால் நரம்புச் செல்லுக்குள் குளோரைடு பாயும், செல் அடங்கும். அல்லோபிரெக்னனலோன் அந்த மடையை இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கும். தூக்க மாத்திரைகள் பலவும் சாராயமும் தொடுவது இதே மடையைத்தான். அப்படியானால் புரோஜெஸ்டிரோன் கூடும் வாரத்தில் பெண்கள் எல்லாம் சாந்தமாக அல்லவா இருக்க வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் மடை நிலையானது இல்லை. மேலிருந்து வரும் நீர் ஏறி இறங்க, பலகையை மாற்றிப் போடுவது மாதிரி, மூளை இந்த ஏற்பியின் பாகங்களையே மாற்றிக்கொள்கிறது. எலிகளில் புரோஜெஸ்டிரோனைக் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஏற்பியில் ஒரு பாகம் மாறி, எலி பதற்றமாகிறது என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். மனிதர்களில் சிலருடைய மூளை இந்த மாற்றத்தை நேரத்துக்குச் செய்வதில்லை அல்லது தவறாகச் செய்கிறது என்பது இப்போதுள்ள வலுவான கருத்து. இதற்கு ஆதரவாக ஒரு சான்று உண்டு: புரோஜெஸ்டிரோன் அல்லோபிரெக்னனலோனாக மாறுவதையே தடுக்கும் டுடாஸ்டரைடு என்ற மருந்தை, அதாவது ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுப்பதை, ஆய்வில் இந்தப் பெண்களுக்குக் கொடுத்தபோது தொந்தரவு குறைந்தது. அதை வாங்கிச் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை, கரு உண்டானால் பிள்ளைக்கு ஆபத்து. வழியைக் காட்டுவதற்காகச் சொன்னேன்.

ஈஸ்ட்ரோஜனின் வேலை இன்னொரு பக்கம். மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற ரசாயனத்தை மூளையில் தயாரிக்கும் நொதியை அது கூட்டுகிறது, செரடோனினைச் சிதைக்கும் நொதியைக் குறைக்கிறது. அது இறங்கும்போது இரண்டும் எதிர்த்திசையில் போகும். பிரசவத்துக்கு அப்புறம் இது உச்சமாக நடக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறின சில நாட்களிலேயே ஈஸ்ட்ரோஜன் கர்ப்பகால அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற நாலாம் ஐந்தாம் நாள் பெண் அழுதால் காத்துக்கருப்பு அண்டிவிட்டதோ என்று பாட்டிமார் சந்தேகப்படுகிறார்களே, அந்த நாட்களின் கணக்கும் இதுவும் பொருந்திப்போவது தற்செயல் இல்லை.

சரி, டென்ஷன் எங்கே வருகிறது? மாமியாருக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கிறது, எழுந்து ஓடுகிறீர்கள். மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதலாமஸ் ஒரு செய்தி அனுப்ப, அது பிட்யூட்டரி வழியாகச் சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போக, டென்ஷன் ஹார்மோனான கார்டிசால் ஏறுகிறது. இதுவரை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாதது, சினைப்பைக்கு உத்தரவு போவதும் அதே ஹைப்போதலாமஸிலிருந்துதான் என்பது. ஒரே ஆபீஸில் பக்கத்து பக்கத்து மேஜை. நெருக்கடி மேஜை ரொம்பச் சத்தம் போட்டால் இனப்பெருக்க மேஜை கையெழுத்துப் போடுவதைத் தள்ளிவைக்கும். பரீட்சை சமயத்தில் பிள்ளைகளுக்கு விலக்கு தள்ளிப்போவது, வீட்டில் சாவு விழுந்த மாதம் வராமலே போவது எல்லாம் இப்படித்தான். முட்டை தாமதமானால் அந்த மாதத்தின் ஏற்ற இறக்கமும் தாறுமாறாகும். டென்ஷன் சினைப்பையைத் தொடும் வழி இது, இதில் சந்தேகம் எதுவும் இல்லை.

இன்னும் சுவாரசியமானது இரண்டும் மூளையில் சந்திக்கும் இடம். மேலே சொன்ன அல்லோபிரெக்னனலோனைப் புரோஜெஸ்டிரோன் மட்டும்தான் கொண்டுவருகிறது என்று நினைக்காதீர்கள். ஒரு எலியைத் தண்ணீரில் நீந்தவிட்டுப் பயமுறுத்தினால் சில நிமிடத்தில் அதன் மூளையில் இந்தப் பொருள் ஏறுகிறது. பயம் வந்த கையோடு, பயத்தை அடக்கும் மருந்தை மூளை தானே காய்ச்சிக்கொள்கிறது. ஆனால் அதே எலியை வாரக்கணக்கில் தனிமையில் அடைத்துவைத்தால் இந்த அளவு குறைந்துபோகிறது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வில் பெண்களை உட்காரவைத்து மனக்கணக்கு போடச் சொல்லி டென்ஷன் ஏற்றிப் பார்த்தார்கள். விலக்குக்கு முன் கடுமையாகப் பாதிக்கப்படும் பெண்களில் பலருக்கு மற்றவர்களைப் போல இந்தப் பொருள் ஏறவில்லை. ஆள் எண்ணிக்கை குறைவு, அதனால் இதை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் என் அறைக்கு வரும் பெண்கள் சொல்வதோடு இது இசைகிறது. "மத்த நாளில் மாமியார் திட்டினா சாயங்காலம் மறந்துரும் டாக்டர், அந்த வாரத்துல திட்டினா மூணு நாளைக்கு மனசுக்குள்ளேயே ஓடுது." டென்ஷன் அதே அளவுதான், அதை அணைக்கும் தண்ணீர்தான் அந்த வாரம் இல்லை. ஆக, உங்கள் விஷயத்தில் ஹார்மோன் பல வருடமாக ஒரு லேசான பலவீனத்தை வைத்திருந்தது, மாமியார் படுத்த பிறகு ஒரு வருடமாகத் தூக்கமில்லாத நெருக்கடி அதே இடத்தில் அழுத்துகிறது என்பதுதான் நான் வாசித்துக்கொள்ளும் கதை. இரண்டும் வேறு வேறு கதவைத் தட்டவில்லை.

அக்காவின் வீடியோவுக்கு வருகிறேன். கார்டிசாலும் புரோஜெஸ்டிரோனும் ஒரே மூலப்பொருளிலிருந்து வருவது உண்மை, கொலஸ்டிராலில்தான் இரண்டுமே ஆரம்பிக்கின்றன. அதை வைத்துக்கொண்டு, டென்ஷன் அதிகமானால் மூலப்பொருள் எல்லாம் கார்டிசாலுக்குப் போய்விடும், புரோஜெஸ்டிரோனுக்கு மிச்சம் இருக்காது என்று ஒரு கதை இணையத்தில் பலமாக ஓடுகிறது, கூடவே ஒரு பவுடர் டப்பாவும் விற்கப்படுகிறது. உண்மையில் உங்கள் புரோஜெஸ்டிரோன் சினைப்பையில் தயாராகிறது, கார்டிசால் அட்ரினலில். ஒவ்வொரு செல்லும் தன் சரக்கைத் தானே எடுத்துச் செய்துகொள்கிறது. செக்கானூரணி அடுப்பில் அரிசி தீர்ந்தால் மேலூர் வீட்டில் சோறு குறையாது. அக்காவிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அந்தப் பவுடரை மட்டும் வாங்காதீர்கள்.

சந்தேகத்துக்குரிய பகுதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும் பலரும் அதைச் சொல்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் மூளைக்கு எப்போதும் நல்லது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நியூயார்க்கில் கேத்தரின் வூலி, புரூஸ் மெக்யூவன் இருவரும் 1990-ல் காட்டினார்கள்: பெண் எலியின் நாலைந்து நாள் சுழற்சிக்குள், நினைவுக்கான பகுதியில் நரம்புச் செல்களில் மற்ற செல்களோடு இணையும் சின்ன முட்கள் ஒரே நாளில் சுமார் 30 சதவீதம் குறைகின்றன, அப்புறம் திரும்ப முளைக்கின்றன. வளர்ந்த மூளை இவ்வளவு வேகமாக உருமாறும் என்று அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் கூடினால் மூளை சுறுசுறுப்பு என்று எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் டென்ஷனையும் சேர்த்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. ஈஸ்ட்ரோஜன் அதிகமாக உள்ள பெண் எலிகள், லேசான டென்ஷனிலேயே நெற்றிப்பகுதி மூளை செய்யும் வேலையில் தடுமாறின. ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருந்தவை தாங்கின. வேறொரு குழுவின் எலி ஆய்வுகளில் டென்ஷன் ஆணின் கற்றலைக் கூட்டியது, பெண்ணின் கற்றலைக் கெடுத்தது. மனிதர்களிலும் ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தில் உருவான ஒரு சோதனை உண்டு, முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் மேடைப்பேச்சும் கழித்தல் கணக்கும். அதில் புரோஜெஸ்டிரோன் அதிகமான வாரத்தில் பெண்களின் உமிழ்நீர் கார்டிசால் ஆண்கள் அளவுக்கு ஏறுகிறது, மற்ற வாரத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் அவ்வளவு ஏறுவதில்லை என்று 1999-ல் கண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதில் ஒத்துப்போகவில்லை. எலியிலிருந்து திருமங்கலம் வரைக்கும் ஒரு கோடு போட்டு இழுக்க முடியாது. அதுவும் மூளை ஆராய்ச்சியில் பெண் எலிகளையே ரொம்ப நாள் சேர்க்கவில்லை, சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று ஒதுக்கிவைத்தார்கள். 2009-ல் வந்த ஆய்வுகளை எண்ணிப் பார்த்தபோது நரம்பியலில் ஆண் விலங்கு மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்கு மட்டும் வைத்தவற்றைப்போல ஐந்தரை மடங்கு. விலக்கு நாளில் பெண்ணைத் திண்ணைக்கு அனுப்பின ஊர்களை நாம் குறை சொல்கிறோம், ஆராய்ச்சிக்கூடமும் அதையேதான் செய்திருக்கிறது.

திண்ணை என்றதும் ஞாபகம் வருகிறது. பேரையூர் பக்கம் சில கிராமங்களில் விலக்கான பெண்களைத் தங்கவைக்கும் முட்டுத்துறைகள் இன்னும் இருக்கின்றன. சரி தவறு விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு மருத்துவராக எனக்கு உறுத்துவது, தேதியே தப்பு என்பது. உங்களைப் போன்றவர்களுக்கு வேலையிலிருந்து விடுதலையும் தனியாக உட்கார இடமும் தேவைப்படுவது விலக்குக்கு முந்தைய வாரத்தில். ஒதுக்கிவைப்பது தெளிந்த பிறகு. அந்த முந்தைய வாரத்தில்தான் அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் "என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா" என்று பேச்சு வாங்குகிறார்கள்.

இதோடு ஒட்டின இன்னொன்று. சித்திரைத் திருவிழா நெருங்கினால் மருந்துக்கடைகளில் விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்க வருபவர்களைப் பார்க்கலாம், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்காகவோ, குலசாமிக்குக் காப்புக் கட்டினதற்காகவோ. பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன், 5 மில்லிகிராம், விலக்கு வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னாலிருந்து தினம் மூன்று வேளை. அது செயற்கை ஹார்மோன், உடலின் சொந்தப் புரோஜெஸ்டிரோனைப் போல அல்லோபிரெக்னனலோனாக மாறாது. பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களைப் போல ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு அந்த நாட்களில் மனம் கனத்துப்போகும், நிறுத்தின இரண்டு மூன்று நாளில் விலக்கு வரும்போது இன்னொரு ஆட்டம். ரத்தக் கட்டி வந்த வரலாறோ, கண்ணில் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நீங்கள் அதைச் சாப்பிடுவதுண்டா என்று கேள்வியில் இல்லை, உண்டென்றால் சாப்பிட்ட மாதங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

குறித்து வைப்பது என்பதுதான் இதில் உண்மையான பரிசோதனை. லேபில் கிடையாது. இரண்டு மாதச் சுழற்சி முழுக்க, தினமும் ராத்திரி, அன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் மனது தன் இஷ்டத்துக்கு எழுதும். பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா என்னிடம் வந்தபோது இதைச் சொல்லி அனுப்பினேன், எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தார், எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பால் அட்டையோடு வந்தார். அரை லிட்டர் ஒரு லிட்டர் குறிக்கும் கட்டத்திலேயே, நல்ல நாளுக்கு ஒன்றும் இல்லை, எரிச்சலான நாளுக்கு ஒரு குங்குமப் பொட்டு, பிள்ளையை அடித்த நாளுக்கு இரண்டு பொட்டு, விலக்கான நாளுக்கு மஞ்சள். அட்டையை மேஜையில் விரித்தால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மஞ்சளுக்கு முன்னால் ஒன்பது கட்டம் சிவந்து கிடந்தது, மஞ்சளுக்கு அப்புறம் பதினைந்து கட்டம் வெறுமையாக. அடுத்த மாதமும் அப்படியே. அந்தப் பால் அட்டை எந்த ஹார்மோன் ரிப்போர்ட்டையும் விட அதிகம் சொன்னது.

உங்கள் அட்டையிலும் அந்த மாதிரி தெரிந்தால், விலக்குக்கு அப்புறம் உண்மையிலேயே ஒரு வாரமாவது சுத்தமாக இருந்தால், அது பி.எம்.டி.டி. என்று சொல்லப்படும் நோயாக இருக்கலாம். 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. பெண்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டு பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, கறாராக நாட்குறிப்பு வைத்துப் பார்த்தால் அதிலும் குறையும். மாதம் முழுக்கவே சிவப்பாக இருந்து, விலக்குக்கு முன் கூடுதலாகச் சிவந்தால் அது மனச்சோர்வு, அந்த வாரத்தில் தூக்கலாகத் தெரிகிறது என்று அர்த்தம், வைத்தியம் வேறு. இரண்டையும் பிரிக்காமல் மருந்து எழுதுவது தப்பு. கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே சோர்வும் எரிச்சலும் கூடித் தெரியும்.

வைத்தியத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது செரடோனினைக் கூட்டும் மாத்திரைகள். மனச்சோர்வுக்கு அவை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். விலக்குக்கு முந்தைய இந்த நோயில் இரண்டு மூன்று நாளிலேயே வித்தியாசம் தெரியும், அதனால் முட்டை வெளியான பிறகு விலக்கு வரை இரண்டு வாரம் மட்டும் கொடுத்தாலும் பலருக்குப் போதும். ஏன் இவ்வளவு வேகம் என்பதற்கு, அவை அல்லோபிரெக்னனலோனையும் தொடுகின்றன என்ற விளக்கம் இருக்கிறது, முழுசாக நிரூபணம் ஆகவில்லை. முட்டையே வெளியாகாமல் நிறுத்தும் ஒரு வகைக் கருத்தடை மாத்திரையும் உதவும். அதை மகப்பேறு மருத்துவர்தான் பிரஷர், ரத்தக் கட்டி வரலாறு எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும், உங்களுக்கு 35 நெருங்குவதால் இன்னும் கவனம். லேசான நிலையில் சுண்ணாம்புச் சத்து: 1998-ல் 466 பெண்களிடம் நடந்த சோதனையில் தினம் 1200 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் தொந்தரவு பாதியளவு குறைந்தது, வெறும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, கூழ் நல்லதுதான், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

எல்லாரையும் விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டை விட்டா, உயிரை விட்டா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவது என்றால் இரண்டு மாதக் குறிப்பு எல்லாம் அப்புறம். இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் மகப்பேறு பிரிவும் இருக்கின்றன, இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம். இன்னும் மூன்று நாளில் விலக்கு வந்தால் தெளிந்துவிடும் என்று நினைத்து அந்த மூன்று நாளைத் தனியாகக் கடக்காதீர்கள்.

டென்ஷனைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பும் டாக்டர்கள் மேல் எனக்கே எரிச்சல் வரும், படுத்த மாமியாரை யார் குறைப்பது? ஆனால் ஒன்று செய்யலாம். பக்கவாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இரவில் அதை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. விலக்கான நாளிலிருந்து எண்ணினால் சுமார் இருபதாம் நாள் ஆரம்பித்து அடுத்த விலக்கு வரை, அந்த இரவு வேலையை மட்டும் உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். அலாரத்தை அவர் போனில் வைத்துவிடுங்கள்.